மூணாம் டப்பா

— அதெல்லாம் அப்புறம் பேசலாம்க்கா. ஆஸ்பத்திரியில மாமாவை விட்டுட்டு நீ எதுக்கு இங்க மாடியேறி வந்த? அதைச் சொல்லு மொதல்ல.

— புழுவுங்க மூணு நாளா பட்டினி கெடக்குமேன்னுதான்...

— புழுவுக்காகவா? விழுப்புரத்துல இருந்து காலங்காத்தால பஸ் ஏறி செஞ்சிக்கு வந்தியா? பவுனம்மாக்கா, உனக்கே இது ஞாயமா இருக்குதா?

— நீ இலை போட்டியா?

— போட்டேனே.

— போட்ட லட்சணந்தான் தெரியுதே. காம்புல ஈரப்பஞ்சு சுத்தல. இலை வெயில்ல வெச்ச அப்பளமா கெடக்குது. ஜெயசுதா மேடத்துக்கு எடை போடத்தான் தெரியும், இலை போடத் தெரியாது.

— கிண்டலா? பேசு, பேசு. நீ இப்படிப் பேசினாத்தான் எனக்கு மனசு அடங்குது. இங்க வா, கையைக் குடு.

— தொடாதம்மா. கிட்ட வராத.

— ஏன்க்கா?

— ஆஸ்பத்திரியில இருந்து நேரா வரேன். இன்னும் குளிக்கல.

— அதனால இன்னா? நாள் பூரா புழு போடற புழுக்கையைத் தொடைச்சு எடுக்கறவ நான். எனக்கு இன்னா அழுக்கு?

— இருந்தாலும் வேணாம். நான் இப்படி கதவோரம் நின்னுக்கறேன். இலையை நீயே போடு, நான் சொல்றேன்.

— அப்புறம் போடறேன். டீ வெக்கட்டா?

— வேணாம்.

— ஒரு வாய்க்கா...

— இன்னைக்கு வாயில ஒண்ணும் வெக்கக் கூடாதும்மா.

— இன்னைக்கு இன்னா விரதம்? அமாவாசை போயி நாலு நாள் ஆச்சே.

— இருக்கணும்னு இருக்குது. இருக்கேன்.

— சரி, இதையாவது வெச்சுக்கோ. மேல்மலையனூர் குங்குமம். கீழ் வீட்டு ஆனந்தராஜ் சார் அமாவாசைக்குப் போயி வாங்கியாந்தாரு. நெத்தியில ஒண்ணுமே இல்லாம வந்திருக்க.

— மூஞ்சி கழுவுனேன், போயிடுச்சு. அதை அந்த ஜன்னல்ல வையி.

— உடனே வெச்சுக்கக் கூடாதா?

— வையின்னா வையேன்.

— ம்... மாமா இப்ப எப்படி இருக்காரு?

— தூங்கறாரு.

— மூச்சுத் திணறல்?

— இல்ல. ராத்திரி பூரா கரகரன்னு இழுத்துக்கினு இருந்துது. விடியகாலம் அடங்கிடுச்சு.

— டியூப்பு?

— எடுத்துட்டாங்க. ஊசியும் நிறுத்திட்டாங்க. வேற ரூமுக்கு மாத்திட்டாங்க.

— ஐசியூல இருந்து மாத்திட்டாங்களா! அப்ப தேறிட்டாருக்கா! இதை வந்ததும் சொல்லக் கூடாதா? மூணு நாளா எனக்கு வயித்துல சோறு எறங்கல தெரியுமா?

— பையன் ஆதவன் வாசல்லயே குந்திக்கினு இருக்கான். நைனாவை விட்டு அசைய மாட்டேங்கறான்.

— அவன் தங்கம்க்கா.

— ஆமா. அவன் நைனா மாரி. ஆஸ்பத்திரியிலயும் நல்லவங்க இருக்காங்கம்மா. மண்டகப்பட்டுல இருந்து ஒரு பெரியவரு, அவரு பொண்ணு அங்க படுத்திருக்குது. எனக்குப் பாயைக் குடுத்துட்டு வெறுந்தரையில படுத்தாரு. இன்னைக்குக் காலையில பஸ்ஸுல கண்டக்டரு என் மூஞ்சியைப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. முன் சீட்டுல குந்த வெச்சாரு. ஆதவன் நைனா இருந்தா இதையெல்லாம் உக்காந்து கேப்பாரு. அவருக்கு இது மாரி கதைன்னா சோறு வேணாம்.

— கேப்பாரு, கேப்பாரு. வீட்டுக்கு வந்ததும் சொல்லு.

— நான் இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நான் கழனியில புழுவைக் கொல்றேன், நீ டவுன்ல புழுவை வளக்கற. வெளங்கிடும்டி நம்ம குடும்பம்'னாரு. நான் சொன்னேன், 'நீ கொல்ற பாவத்தை நான் வளத்து கழிச்சுக்கறேன்யா'ன்னு.

— ஐயோ அக்கா...

— விளையாட்டுக்குச் சொன்னது. அப்படி ஒண்ணும் கொல்றதுல ஆசைப்பட்ட மனுசன் இல்ல அவரு. வரப்போரம் கௌதாரி முட்டை வெச்சிருந்துதுன்னா நாலு வரிசையை அப்படியே விட்டுட்டு மருந்து அடிப்பாரு. கழனிக்காரரு கன்னியப்பன் கத்துவாரு. இவரு காது கேக்காத மாரி போயிக்கினே இருப்பாரு.

— அக்கா... ஒண்ணு கேக்கட்டா?

— கேளு.

— போலீஸ் வந்து விசாரிச்சாங்களா?

— வந்துது. பூச்சி மருந்து டப்பாவைக் கேட்டுது. கன்னியப்பன் கொண்டாந்து காட்டுனாரு.

— வேற?

— வேற இன்னா?

— என் பேரு ஏதாவது...

— உன் பேரு எதுக்கும்மா வரணும்?

— இல்ல... சும்மாதான் கேட்டேன்.

— டாக்டருகிட்டதான் உன் பேச்சு வந்துது.

— இன்னான்னு?

— கன்னியப்பன்தான் சொல்லிக்கினு இருந்தாரு. 'மருந்து அடிக்கறது இது நாலாவது வாட்டி சார். எப்பவும் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, ரெண்டு அடியோட நிறுத்திடுவோம். இந்த வருசந்தான் மேடம் சொன்னாங்கன்னு புடுங்கற வரைக்கும் அடிக்கறோம்'னாரு. மேடம்னா யாருன்னு டாக்டரு கேட்டாரு. 'செஞ்சியில மாடி ரூம்ல புழு வளத்து ஆராய்ச்சி பண்றாங்களே, அவங்க'ன்னாரு.

— டாக்டர் எழுதிக்கிட்டாரா?

— எழுதல. தலையை மட்டும் ஆட்டுனாரு. ஜெயாம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல. போன மாசம் கழனியில கூட்டம் போட்டியே, அன்னைக்கு நான் வரல. இன்னா சொன்ன?

— இப்ப எதுக்குக்கா அது?

— சொல்லேன். நான் பள்ளிக்கூடம் போவாதவ. நெதானமா சொன்னாத்தான் மண்டையில ஏறும்.

— நீதானக்கா ஆரம்பத்துல இருந்து கூட இருந்த. மல்லாட்டைக் கொழுந்து விரியற அன்னைக்கே காம்புல செவப்பு நூல் கட்டினோம்...

— கட்டுனேன். ஐப்பசி மழையில தலையில கோணியப் போட்டுக்கினு கட்டுனேன்.

— பத்து நாள் ஆன இலை ஒண்ணாம் டப்பாவுக்கு. இருபது நாள் ஆனது ரெண்டாம் டப்பாவுக்கு. நாப்பது நாள் ஆன முத்தல் இலை மூணாம் டப்பாவுக்கு. மூணு டப்பாவுலயும் ஒரே நாள் பொரிஞ்ச புழு, அம்பது அம்பது. எந்த வயசு இலையைத் தின்னா புழு எவ்வளவு வளருதுன்னு தினம் எடை போட்டுப் பாக்கறது.

— மொதல்ல நீ இன்னா நெனச்ச?

— முத்தல் இலையில வளராதுன்னு நெனச்சேன். அதுல தண்ணி கம்மி, சத்து கம்மி, நாரு அதிகம். தின்னும், ஆனா உடம்புல ஒட்டாது. பாதி செத்துடும். மீதி சோப்ளாங்கியா கெடக்கும்.

— அப்படி ஆனா?

— எழுவது எண்பது நாளுக்கு மேல செடியில கொழுந்து கொறைஞ்சுடும், முத்தல்தான் நெறைய. புழு தானா அடங்கிடும். ரெண்டு அடியோட மருந்தை நிறுத்திடலாம். அதைக் காட்டணும்னுதான் இந்த ஆராய்ச்சியே.

— ஆனா மூணாம் டப்பா புழு வளந்துடுச்சு.

— ...வளந்துடுச்சு. ஒண்ணாம் டப்பா புழு அளவுக்குக் கொழுத்துடுச்சு. அதனாலதான் கடைசி வரைக்கும் அடிக்கணும்னு கூட்டத்துல சொன்னேன்.

— ம்...

— அக்கா, இந்த மூணு நாளா நானும் யோசிச்சேன். உனக்கு இலை வயசுல ஏதோ கொழப்பம் வந்திருக்கணும்.

— இன்னா கொழப்பம்?

— ஊருல எல்லாரும் பயிருக்குத்தான் நாள் கணக்கு சொல்லுவாங்க. 'நாப்பது நாள் பயிரு'ம்பாங்க. இலைக்கு யாரு வயசு சொல்றாங்க? நான் 'நாப்பது நாள் இலை'ன்னதை, நாப்பது நாள் பயிருல இருக்கற இலைன்னு நீ எடுத்துட்டிருப்ப. அந்தப் பயிருல நுனிக் கொழுந்தும் இருக்கும் இல்ல? அதையும் சேத்துக் கிள்ளிட்டு வந்திருப்ப.

— நானா?

— பெரிய தப்பு ஒண்ணும் இல்லக்கா. யாரு வேணா பண்ணுவாங்க. அப்படித்தான் ஆச்சுன்னு நீ சொன்னா நான் நம்புவேன்.

— நூல் கட்டுன இலையத்தான் பறிச்சேன் ஜெயாம்மா. ஒரு நாள் தப்பல. அமாவாசைக்குக் கட்டுனா, அடுத்த அமாவாசை தாண்டி பத்தாம் நாள் பறிக்கணும். எனக்கு எழுத்துதான் தெரியாது, அமாவாசை தெரியும்.

— சரி, சரி... தப்பு இல்லன்னா இல்ல. விட்டுடு.

— விட முடியாதும்மா. மணி இன்னா?

— எட்டு அஞ்சு.

— ஒன்பதுக்கு கன்னியப்பன் மறுபடி மருந்து கலக்கறாரு.

— இன்னைக்கா?

— அன்னைக்குப் பாதி கழனிதான் ஆச்சு. அதுக்குள்ள இவரு சுருண்டு விழுந்துட்டாரு இல்ல? மீதி பாதி நிக்குது. எழிலனைக் கூப்ட்டிருக்காரு.

— எந்த எழிலன்?

— எங்க தெருப் புள்ளதான். மாசியில கண்ணாலம் ஆச்சே. உனக்குக் கூட பத்திரிகை வெச்சானே, நீ தாலி கட்டறதைப் பாக்காம பந்திக்கு மட்டும் வந்துட்டுப் போன.

— ஐயோ, அவனா!

— அவன்தான். தொண்டூர்ப் பொண்ணு. கையில மருதாணி கூட இன்னும் போவல.

— கன்னியப்பன்கிட்ட நீ சொல்லிப் பாக்கலயா?

— நேத்து ஆஸ்பத்திரியிலயே கால்ல விழாத கொறையா கேட்டேன். 'புழு இன்னும் கெடக்குது பவுனம்மா. உன் புருசன் விழுந்துட்டான்னு மல்லாட்டையைப் புழுவுக்கு வுட்டுட முடியுமா? மேடம் வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன்'னாரு. அவரையும் சொல்லிக் குத்தமில்ல. வவுத்துப் பாடு. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். போன் போடு.

— இன்னான்னு சொல்றதுக்கா?

— அடிக்க வேணாம்னு.

— ஏன்னு கேப்பாரே.

— சொல்லு.

— எதைச் சொல்றது? நான் சொன்னது தப்புன்னா? உனக்குப் புரியல அக்கா. அடுத்த வாரம் சாருங்க எல்லாம் உக்காந்து என்னைக் கேள்வி கேப்பாங்க. அதுக்கு பதில் சொல்லி முடிச்சாத்தான் பட்டம். அஞ்சு வருசம்க்கா! அதோ பாரு, புஸ்தகம் பைண்டிங் ஆயி வந்துடுச்சு. அதுல பாதி மூணாம் டப்பாதான்.

— பெரிய புஸ்தகமாதான் இருக்குது.

— வேற மாதிரி சொல்லட்டா? காத்து அடிக்குது, இன்னைக்கு வேணாம்னு...

— நாளைக்கு அடிப்பாரு.

— எழிலனை மூஞ்சிக்குத் துணி கட்டிக்கச் சொல்லலாம். கையுறை போட்டுக்கச் சொல்லலாம்...

— ஆதவன் நைனாவும் துணி கட்டிக்கினுதான் போனாரு. என் பழைய சீலையில கிழிச்சது. மருந்துல நனைஞ்சு மூஞ்சியோட ஒட்டிக்கினு இருந்துது. நாந்தான் உரிச்சு எடுத்தேன். பங்குனி வெயிலு... உரிச்சா தோலு மாரி வருது.

— போதும்க்கா.

— சரி. உன் கஷ்டம் உனக்கு. நான் ஒண்ணு சொல்றேன், அதை வெச்சு நீ பேசு. ஆனா கேட்டுட்டு என்னை வையக் கூடாது.

— இன்னா?

— மூணாம் டப்பா புழு முத்தல் இலை தின்னு வளரல. நான் கொழுந்து போட்டேன்.

— அக்கா...

— சாயங்காலம் நீ கீழ எறங்கிப் போனப்புறம். ஒண்ணாம் டப்பாவுக்குப் பறிச்சதுல மிச்சம் இருக்கும். அதைக் கிள்ளிப் போடுவேன். விடிஞ்சதும் உனக்கு முன்ன வந்து காம்பைப் பொறுக்கிடுவேன். தினம்.

— எதுக்குக்கா?

— கார்த்திகை அமாவாசை அன்னைக்கு ஒரு பொழுது இருந்தேன். காக்காவுக்கு வெச்சுட்டுத்தான நாம சாப்டணும்? இந்த மாடியிலதான் இலையில சோறு வெச்சு, 'கா... கா...'ன்னு கூப்டேன். கோட்டைக் குரங்கு நாலு வந்து சுவத்து மேல குந்திக்கினு இருக்குது. காக்கா எங்க வரும்? சோத்தையும் குரங்கே வாரிக்கினு ஓடிச்சு.

— நீ சொல்லவே இல்லியே...

— சொன்னா சிரிப்ப. உள்ள வந்து டப்பாவைப் பாத்தேன். ஒண்ணாம் டப்பாவுல எல்லாம் கொழுகொழுன்னு சுருண்டு கெடக்குது. மூணாம் டப்பாவுல ஒண்ணும் அடங்கல. இலை இருக்குது, ஆனா தலையத் தூக்கித் தூக்கி இப்படியும் அப்படியும் தேடுது. பல்லு போனவங்களுக்கு முறுக்கு குடுத்த மாரி. பக்கத்துல பத்து, பதினைஞ்சு செத்துக் கெடக்குது. காக்காவோ வரல. இது வாயில்லாத உசுரு, வாசல்ல வந்து கைய நீட்டுன மாரி தலைய நீட்டுது. அமாவாசையும் அதுவுமா அதைப் பட்டினி போட்டுட்டு நான் எப்படிம்மா சோத்துல கை வெப்பேன்?

— காக்காவுக்குப் பதிலா புழுவுக்கு வெச்சியா?

— ஆமா. ரெண்டே கொழுந்து. அன்னைக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். மறுநாளும் தலையத் தூக்குச்சு. நீ எடை போட்டுட்டு, 'இது இன்னாக்கா அதிசயமா இருக்குது'ன்ன. எனக்கு சந்தோசம். புள்ளைங்க தேறிடுச்சேன்னு. அதுக்குப் பின்னாடி இவ்ளோ இருக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நேத்து கன்னியப்பன், 'முத்தல் இலையிலயும் புழு வளருதாம்'னு டாக்டருகிட்ட சொல்றப்பதான் குப்புன்னு ஆச்சு. எங்க வளந்துது? என் கையால இல்ல வளந்துது...

— அழாதக்கா.

— அழல. கண்ணு வத்திப் போச்சு. நான் புழுவுக்கு வெச்ச இலை சுத்திக்கினு போயி, அவரு முதுகுல டேங்கா ஏறியிருக்குது.

— அப்படிச் சொல்லாத. தயவு செஞ்சு அப்படிச் சொல்லாத.

— ராத்திரி பூரா அங்காளம்மாகிட்ட இதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன். பசிச்ச வாய்க்குப் போட்டது தப்பாடி, தப்பாடின்னு. அவ ஒண்ணும் சொல்லல.

— தப்பு இல்லக்கா.

— உனக்குத் தெரியாது, நீ சின்னப் பொண்ணு. இப்ப இதைக் கன்னியப்பன்கிட்ட சொல்லு. 'வேலைக்கு வெச்ச பொம்பள கொழுந்து போட்டுக் கெடுத்துட்டா, அதனால நான் சொன்னது தப்பாயிடுச்சு'ன்னு சொல்லு. உன் சாருங்ககிட்டயும் அதையே சொல்லு. உன் மேல பழி வராது இல்ல?

— வராது...

— பட்டம் குடுப்பாங்க இல்ல?

— திருப்பி செய்யச் சொல்லுவாங்க. ஆனா என்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க.

— அப்புறம் இன்னா? செய்யி. நான் வரல. ஈரம் இல்லாத மனசாப் பாத்து வேற ஆளை வெச்சுக்கோ. மணி?

— எட்டு இருவது.

— போடும்மா. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன். நான் இங்க நிக்கறேன்னு சொல்லாத.

— ...அலோ. கன்னியப்பன் அண்ணாவா? ஜெயசுதா பேசறேன்.

— சொல்லுங்க மேடம்! கழனியிலதான் இருக்கேன். எழிலா, அந்த வாளியை இப்படிக் கொண்டா... சொல்லுங்க, சொல்லுங்க.

— மருந்து கலந்துட்டீங்களாண்ணா?

— இதோ கலக்கப் போறோம். காத்து கெளம்பறதுக்கு முன்ன ரெண்டு டேங்காவது அடிச்சுடலாம்னு.

— வேணாம். நிறுத்துங்க.

— நிறுத்தறதா? இலையெல்லாம் சல்லடையா கெடக்குது மேடம்!

— இருக்கட்டும். பயிருக்கு இன்னா வயசு?

— எண்பத்தி ரெண்டு நாளு.

— அதெல்லாம் இனிமே முத்தல் இலைதான். அதுல புழு வளராது. கொஞ்சம் இலை போனாலும் காய்க்கு பெருசா ஒண்ணும் ஆவாது.

— இன்னா மேடம் இது? முத்தல் இலையிலயும் கொழுக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? படமெல்லாம் காட்டினீங்க?

— அதுல... ஒரு தப்பு ஆயிடுச்சுண்ணா.

— இன்னா தப்பு?

— அந்தப் புழுவுங்களுக்கு முத்தல் இலையோட கொழுந்தும் சேர்ந்துடுச்சு.

— அதெப்படி சேரும்? காலு மொளைச்சு வந்துதா? யாரு போட்டது? ...அந்தப் பவுனம்மாவா?

— ...

— அதானே! அதுதான இலை பறிக்கறது! நேத்து ஒண்ணும் தெரியாத மாரி வந்து நிறுத்து, நிறுத்துன்னு நின்னுது. புழுவுக்கு ஆக்கிப் போட்டுட்டு புருசனை விழ வெச்சுட்டாளே! மூணு நாளா ஊருல என்னைக் கொலகாரனாப் பாக்கறாங்க மேடம். இப்பவே அவ பையனுக்குப் போன் போடறேன். 'உங்க அம்மாதான்டா...'

— அண்ணா.

— 'உங்க அம்மாதான்டா உன் நைனாவுக்கு வெஷம் வெச்சவ'ன்னு...

— அண்ணா! நான் பேசறதைக் கேளுங்க!

— ...சொல்லுங்க.

— அவங்க கொழுந்து போட்டது எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சதாலதான இப்ப போன் பண்றீங்க?

— இப்ப இல்ல. தை பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்.

— இன்னாது?

— கொழுந்து தின்ன புழுவோட புழுக்கை பச்சையா இருக்கும். முத்தல் தின்னா கறுப்பா இருக்கும். மூணாம் டப்பாவுல பச்சப் புழுக்கையை என் கையால தொடைச்சு எடுத்தேன். ஒரு நாள் இல்ல, ஒரு மாசம். பாத்தும் பாக்காத மாதிரி எழுதினேன்.

— ஏன் மேடம்?

— மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சா இன்னொரு வருசம் போயிடும். அதான். வேற காரணம் ஒண்ணும் இல்லண்ணா. அவங்க கொழுந்து போடறதுக்கு முன்ன, மொத தடவை வளத்தப்ப, மூணாம் டப்பாவுல பாதிக்கு மேல செத்துது. அதை எழுதாம விட்டுட்டேன். பவுனம்மாக்கா பசிச்ச உசுருக்கு இலை போட்டாங்க, அவ்வளவுதான். பொய் எழுதினது நான். உங்க கழனியில வந்து நின்னு, கடைசி வரைக்கும் அடிங்கன்னு சொன்னதும் நான். ஆதவன்கிட்ட சொல்லணும்னா என் பேரைச் சொல்லுங்க. போலீஸுக்கும் சொல்லுங்க.

— ...

— அண்ணா? இருக்கீங்களா?

— இருக்கேன்.

— எழிலன்...

— டேய் எழிலா. டேங்கை எறக்கு. ...எறக்குடான்னா! கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வீட்டுக்குப் போ. ...மேடம்.

— சொல்லுங்கண்ணா.

— எங்க தாத்தா காலத்துல இருந்து மல்லாட்டை போடறோம். எண்பது நாள் தாண்டுனா புழு தானா கொறையும்னு எனக்கே தெரியும். அன்னைக்குக் கூட்டத்துலயே கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துது. படிச்ச புள்ள சொல்லுது, நமக்கு இன்னா தெரியும்னு மென்னு முழுங்கிட்டேன். ...வெச்சுடறேன்.

— நிறுத்திட்டாருக்கா.

— கேட்டேன்.

— ஏதாவது பேசுக்கா.

— பச்சையா இருக்குமா?

— எது?

— புழுக்கை. எனக்கு அது தெரியாம போச்சே. காம்பை மட்டும் பொறுக்கிக்கினு இருந்தேன், பைத்தியக்காரி.

— அக்கா, திட்டிடுக்கா. இப்படிப் பேசாத.

— தெரிஞ்சும் ஏம்மா ஒரு நாள் கூட என்னைக் கேக்கல?

— கேட்டா... எனக்கும் தெரியும்னு ஆயிடும் இல்ல?

— ம்...

— மாரியம்மன் கோயில் திருப்பத்துல நிக்கற பஸ்ஸைப் புடிக்கலாம், இரு. நானும் வரேன். மாமா முழிச்சதும் அவரு கால்ல விழுந்து நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்.

— வா கண்ணு. ஆனா அவரு இனிமே முழிக்க மாட்டாரு. விடியகாலம் நாலரைக்கே அடங்கிட்டாரு. வந்ததும் அதைச் சொல்லியிருந்தா, பயத்துல உன் வாய் கட்டிப் போயிருக்கும், அந்தப் புள்ள தோள்ல டேங்கு ஏறியிருக்கும்... அதான் சொல்லல. அறுத்துப் பாத்துட்டு மூணு மணிக்கு மேலதான் குடுப்பாங்களாம். நேரம் இருக்குது, அழுவாத. மொதல்ல அந்த மூணாம் டப்பாவுக்கு ரெண்டு கொழுந்து போடு ஜெயாம்மா. நான் தொடக் கூடாது.